குதிரைக்குப் பூச்சிக்கடி அரிப்பு: புதிதாக வளர்ப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?

எங்கள் களத்து ஓரம் நிற்கும் வேப்பமரத்தில் ஆள் நெஞ்சு உயரத்தில் பட்டை வழவழவென்று தேய்ந்து கிடக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் பட்டை இடுக்கில் செவலை மயிர் நாலைந்து சிக்கியிருக்கும். எல்லாம் எங்கள் குதிரை மல்லியின் வேலை. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கிய காத்தியவார் கலப்பு. முதல் வருடம் மழைக்காலம் முழுக்க ஒரு குறையும் இல்லை. இரண்டாம் வருடம் ஐப்பசி பிறந்ததும் வாலடியை மரத்தில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தவள், பதினைந்தே நாளில் பிடரி மயிரில் பாதியைக் காலி செய்துவிட்டாள். நான் சொறி என்று நினைத்தேன், பக்கத்துத் தோட்டத்துக்காரர் உடம்புச் சூடு என்றார், இன்னொருவர் கண்ணு பட்டுவிட்டது, சுற்றிப் போடுங்கள் என்றார். சுற்றியும் போட்டோம். கடைசியில் பார்த்தால் பூச்சிக்கடி ஒவ்வாமை.

கோபிசெட்டிபாளையம் பக்கம் வாய்க்கால் பாசன வயல்களுக்கு நடுவே இருக்கிறோம், பூச்சிக்குக் கேட்கவா வேண்டும். இந்த நாலு வருடத்தில் நான் தப்பும் தவறுமாகக் கற்றுக்கொண்டதை, முதல் குதிரை வாங்கியிருப்பவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: களிம்பு தேடி அலைந்த நாட்களெல்லாம் வீண். சாயங்காலம் ஐந்து மணிக்குக் குதிரை எங்கே நிற்கிறது என்பதுதான் இதில் முக்கால்வாசி.

முதலில் மூச்சைப் பாருங்கள்

உடம்பில் தடிப்பைப் பார்த்ததும் கை மருந்தைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள், முதலில் முகத்துக்குப் போங்கள். மூக்குத் துவாரம், உதடு, கண் இமை வீங்கியிருக்கிறதா, மூச்சு விடும்போது சத்தம் வருகிறதா என்று பாருங்கள். குதிரைக்கு நம்மைப் போலவோ நாயைப் போலவோ வாயால் மூச்சுவிட வராது, மூக்கு ஒன்றுதான் வழி. அதனால் முகம் வீங்குவது மாட்டுக்கு வீங்குவது போலச் சாதாரண விஷயம் இல்லை. மலைத்தேனீ கலைந்தோ குளவி, கதண்டு கூட்டில் தலையை விட்டோ பல கொட்டுகள் வாங்கிய குதிரை, மூக்கடைத்து, தள்ளாடி, வியர்த்து நின்றால் அது நிமிடக் கணக்கு. உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் 1962 என்ற எண் இருக்கிறது, கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்தி. டாக்டர் வரும்வரை முகக்கயிறு இறுக்காமல் பார்த்துக்கொண்டு (வீக்கம் ஏற ஏற அது இறுகும், மறந்துவிடாதீர்கள்), பூச்சி இல்லாத இடத்துக்கு மெதுவாக நடத்திப் போய், வீங்கின இடத்தில் குளிர்ந்த தண்ணீர் விடுங்கள். வாய்வழியாக எதையும் ஊற்ற வேண்டாம்.

மூச்சு சீராக இருக்கிறதா? சரி, அப்போது நிதானமாகப் பார்க்கலாம். நிற்கிற குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 தடவை மூச்சு விடும், நாடி 28 முதல் 44, ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்தால் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். உங்கள் குதிரை நன்றாக இருக்கும் நாளிலேயே இந்த மூன்றையும் எடுத்துச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் போனில் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

எங்கே அரிக்கிறது, எந்நேரம் அரிக்கிறது

கடித்தது எந்தப் பூச்சி என்று உடம்பே காட்டிக்கொடுக்கும். பிடரி, வாலடி, காது, அடிவயிற்று நடுக்கோடு, இந்த இடங்களில் அரிப்பும் மயிர் உதிர்வும் இருந்து, பொழுது சாயும் நேரத்திலும் விடியலிலும் குதிரை நிலைகொள்ளாமல் இருந்தால், அது பெரும்பாலும் பொடிக்கொசு. 1 முதல் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். கியூலிகாய்டஸ் என்பார்கள். ஆட்டுக்கு நீலநாக்கு நோயைப் பரப்புவதும் இதே பூச்சிதான், ஆடு வளர்ப்பவர்களுக்கு மழைக்காலத்தில் ஏன் வயிற்றில் புளி கரைக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும். நான் முதலில் பூச்சியே இல்லை என்று சாதித்தவன். ஒருநாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு டார்ச்சை மல்லியின் அடிவயிற்றுக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன், மிளகுத்தூள் தூவினது மாதிரி இருந்தது. ஊதினேன், தூள் பறந்து போய்த் திரும்ப வந்து உட்கார்ந்தது.

காலும் வயிறும்தான் பிரச்சினை, குதிரை பகலிலும் ஓயாமல் காலைத் தரையில் உதைக்கிறது என்றால் அது கொட்டில் ஈ. வீட்டு ஈ போலவே இருக்கும், ஆனால் ஊசி போல ஒரு குழல் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். நல்ல வெயிலில் பெரிய ஈ வந்து கடித்து, கடித்த இடத்தில் ரத்தம் ஒரு சொட்டு நின்றால் மாட்டு ஈ. அப்புறம், உடம்பு முழுக்க அரை மணியில் கொத்துக்கொத்தாகத் தடிப்பு எழும்பி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தால் அது ஒவ்வாமைத் தடிப்பு. பூச்சியால்தான் வரும் என்று இல்லை, புதுத் தீவனம், ஊசி மருந்து, புது ஷாம்பூ எதனாலும் வரும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் அமுங்கிவிடும்.

இந்தப் பொடிக்கொசு விஷயத்தில் புதியவர்கள் குழம்புவது ஒரு இடத்தில்தான்: லாயத்தில் நாலு குதிரை நின்றால் ஒன்று மட்டும் ஏன் இப்படி அவஸ்தைப்படுகிறது? நாலையும்தான் கடிக்கிறது. ஆனால் கொசுவின் எச்சிலில் இருக்கும் புரதத்தை அந்த ஒன்றின் உடம்பு மட்டும் எதிரியாக எடுத்துக்கொண்டு சண்டை போடுகிறது. அதற்கு முன்பே சில பருவம் கடி வாங்கி உடம்பு அதைப் பழகியிருக்க வேண்டும், அதனால்தான் குட்டியில் தெரியாமல் இரண்டு மூன்று வயதுக்கு மேல் தலைகாட்டுகிறது, பெரும்பாலும் வருடா வருடம் கூடிக்கொண்டும் போகிறது. ஐஸ்லாந்துக் குதிரைகளை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யும்போது இதே கதைதான், பொடிக்கொசுக் கடியையே அறியாமல் வளர்ந்தவை புது நாட்டுக்குப் போய் ஒன்றிரண்டு கோடையிலேயே பிடரியைத் தேய்க்க ஆரம்பித்துவிடும். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து அரிப்பு என்று பேரே வைத்திருக்கிறார்கள். தொற்றுநோய் இல்லை, பக்கத்துக் குதிரைக்கு ஒட்டாது. ஆனால் வழிவழியாக வரும் தன்மை உண்டு. இப்படி அரிப்பு உள்ள குதிரையை இனவிருத்திக்கு விடுவதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள்.

பூச்சிக்கடி மாதிரியே இருக்கும், ஆனால் இல்லை

இதைத் தாண்டிப் போகாதீர்கள், நான் தாண்டிப் போய்த்தான் ஒரு மாதம் வீணாயிற்று. வாலடியை மட்டும் தேய்க்கிறது, பிடரியும் காதும் சுத்தமாக இருக்கிறது என்றால் ஆசனவாயைப் பாருங்கள், கீரிப்பூச்சி வகைக் குடற்புழு அங்கே முட்டையிட்டால் இப்படித்தான் தேய்க்கும். வட்டவட்டமாக மயிர் உதிர்ந்து பொடுகு பறந்தால் படர்தாமரை, அது உங்கள் கைக்கும் வரும், குதிரைக்குக் குதிரை தேய்ப்பு பிரஷ்ஷையும் சேணத் துணியையும் மாற்றிப் போடாதீர்கள். மயிரை விலக்கிப் பார்த்தால் பேன் கண்ணுக்கே தெரியும். சொறியா என்று டாக்டர் பிளேடால் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லிவிடுவார், பத்து நிமிட வேலை.

இரண்டு விஷயம் மட்டும் விளையாட்டில்லை. காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது, குதிரை மெலிகிறது, ஈறு வெளுத்துப் போகிறது, காலிலும் அடிவயிற்றிலும் நீர் கோத்தது போல வீக்கம் என்றால், அது கடி வீக்கம் இல்லாமல் சர்ரா நோயாக இருக்கலாம். மாட்டு ஈயும் கொட்டில் ஈயும் கடித்துக் கடித்து ஒரு குதிரையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் ரத்த ஒட்டுண்ணி அது, ரத்தப் பரிசோதனை செய்தால்தான் தெரியும். இன்னொன்று, காலின் உள்பக்கம் சரம்போலக் கட்டிகள் வரிசையாக எழும்பி உடைந்து பிசுபிசுவென்று ஒழுகுவது, மூக்கிலும் சளி வடிவது. கிளாண்டர்ஸ் நோயாக இருந்தால் மனிதருக்கும் பரவும், உயிருக்கே ஆபத்து. வெறுங்கையால் தொடாமல் குதிரையைத் தனியாகக் கட்டிவிட்டு அரசு கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். மறைத்து வைத்துச் சந்தையில் தள்ளிவிடலாம் என்று நினைக்காதீர்கள், சட்டப்படியும் குற்றம்.

கடி பட்ட அன்று செய்ய வேண்டியது

குளிர்ந்த தண்ணீர். பதினைந்து இருபது நிமிடம், குழாயில் மெல்லிய தாரையாக. ஐஸ் தேடிப் போக வேண்டியதில்லை, காலை நேரத்துக் கிணற்றுத் தண்ணீரே போதும். தேனீ கொட்டியிருந்தால் கொடுக்கு தோலில் நிற்கும், நகத்தாலோ பழைய ஏடிஎம் அட்டையின் ஓரத்தாலோ சுரண்டி எடுத்துவிடுங்கள், எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. பிடரியில் பொருக்கு கட்டிக் கிடந்தால் மென்மையான ஷாம்பூ போட்டு ஊறவைத்துக் கழுவுங்கள், நகம் வைத்துப் பிய்க்காதீர்கள். கழுவின தண்ணீரை வழித்து எடுத்து நிழலில் உலரவிடுங்கள், ஈரத்தோடு விட்டால் அங்கே வேறு கிருமி குடியேறும். தினமும் சோப்பு போட்டுத் தேய்ப்பது சுத்தம் மாதிரித் தெரியும், ஆனால் தோலில் இருக்கும் எண்ணெய்ப் பசை போய் அரிப்பு இன்னும் கூடும்.

தேய்த்துத் தோல் உரிந்துவிட்டதா? மழைக்காலத்தில் அந்தப் புண்ணில் ஈ உட்கார்ந்து புழு வைக்க ஒரே ஒரு நாள் போதும். உப்புநீரால் கழுவி, துத்தநாகக் களிம்பு பூசி, ஈ அண்டாமல் பாருங்கள். ஒரு புண் வாரக்கணக்கில் ஆறாமல், உள்ளே மஞ்சளாகக் குறுணை குறுணையாக இருந்தால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். ஈ கொண்டுவந்து விடும் வயிற்றுப்புழுவின் இளம்புழு அதற்குள் இருக்கலாம்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

மல்லிக்கு அரிப்பு ஆரம்பித்தபோது மருந்துக்கடையில் போய் "உண்ணி, சொறி, பூச்சி எல்லாத்துக்கும் ஒண்ணு குடுங்க" என்று கேட்டேன். மாட்டுக்குத் தெளிக்கிற ஒரு புட்டியை எடுத்துக் கொடுத்தார்கள், குதிரைக்கு என்று நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. தண்ணீரில் கலக்கப் போகிற நேரத்தில் வேறு வேலையாக வந்த டாக்டர் புட்டியைத் திருப்பிப் படித்தார். "தம்பி, இதை மாட்டுக்குப் போடு, நாய்க்குப் போடு, குதிரைக்கு மட்டும் போட்டுடாதே" என்றார். அமிட்ராஸ். உண்ணிக்கு நல்ல மருந்துதான், ஆனால் குதிரைக்குக் குடலின் அசைவையே நிறுத்தி மலம் அடைத்து வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும். உயிரே போகலாம். ஆகவே கடையில் குதிரை என்று சத்தமாகச் சொல்லுங்கள், புட்டியில் மருந்தின் பெயரை நீங்களே எழுத்துக்கூட்டிப் படியுங்கள்.

மண்ணெண்ணெய், வண்டியில் கழிந்த என்ஜின் ஆயில், இவற்றைப் பிடரியில் பூசுகிற வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. பூச்சி அண்டாது, உண்மைதான், ஆனால் தோல் வெந்துபோகும், நக்கினால் உள்ளேயும் போகும். மாட்டுக்கான ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து ஊசியைக் குதிரைக்குப் போடச் சொல்வார்கள், ஊசி போட்ட இடமே அழுகிப் போகிற ஆபத்து உண்டு, குதிரைக்கு வாய்வழிப் பசையாகவே கிடைக்கிறது. கொசு கடிப்பதை அது தடுக்கவும் தடுக்காது. அப்புறம் ஸ்டீராய்டு. டாக்டர் டெக்ஸாமெத்தசோன் போட்ட அன்று ராத்திரியே அரிப்பு அடங்கி, இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றும். அடுத்த வாரம் நாமே வாங்கிப் போடலாமே என்றும் தோன்றும், அங்கேதான் வழுக்குகிறோம். ஸ்டீராய்டு குதிரைக்குக் குளம்பு அழற்சியைக் கிளப்பலாம், அது வந்தால் அரிப்பே தேவலை என்று ஆகிவிடும். நம் வீட்டு அலமாரியில் இருக்கும் செட்ரிசின் போன்ற அலர்ஜி மாத்திரைகளும் குதிரைக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை, எத்தனை மாத்திரை என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இனிதான் உண்மையான வேலை

எங்கள் ஊரில் சின்ன வயதிலிருந்தே ஜட்கா வண்டிக் குதிரை பார்த்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். மல்லியைக் காட்டக் கூட்டி வந்தேன். பிடரியை அவர் பார்க்கவே இல்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, பொழுது உழுகற நேரத்துல இதைக் கொண்டாந்து ஏன் வாய்க்காலோரமா கட்டறீங்க?" என்றார். பச்சைப் புல் அங்கேதான் நன்றாக இருந்தது, அதனால் கட்டினேன். பூச்சிக்கு நானே பந்தி விரித்திருக்கிறேன்.

பொடிக்கொசு ஈரச் சேற்றில், குட்டை ஓரத்தில், சாணம் கலந்த சகதியில் உற்பத்தியாகிறது, பெரும்பாலும் ரொம்ப தூரம் பறப்பதில்லை. ஆகவே முதல் மாற்றம், பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே, மழைக்காலத்தில் ஐந்து மணிக்கெல்லாம், குதிரையை மேட்டுக்கோ லாயத்துக்கோ கொண்டுவந்துவிடுங்கள், வெயில் நன்றாக ஏறிய பிறகு வெளியே விடுங்கள். மேய்ச்சல் நேரம் குறைகிறதே என்றால் வைக்கோலையும் அறுத்த புல்லையும் உள்ளே போடுங்கள். மாட்டுத் தொழுவத்தை ஒட்டிக் கட்டுவதையும் தவிருங்கள், அந்தச் சகதிதான் இவற்றுக்குத் தொட்டில்.

இரண்டாவது, காற்று. இந்தப் பூச்சிக்குச் சிறகில் பலம் கிடையாது, சற்று வேகமாகக் காற்று அடித்தாலே உட்கார முடியாது. ஒரு பெரிய பெடஸ்டல் ஃபேனை வாங்கி, குதிரையின் பக்கவாட்டில் உடம்பு நெடுக அடிக்கிற மாதிரி வைத்தேன், மருந்துக்குச் செலவழித்ததை எல்லாம் சேர்த்தால் அதைவிட இது உருப்படி. ஒயரை ஆள் உயரத்துக்கு மேலே குழாயில் விட்டு இழுங்கள், குதிரை எதையும் கடித்துப் பார்க்கும், கீழே ஈரத்தில் எக்ஸ்டென்ஷன் பெட்டி கிடந்தால் சொல்லவே வேண்டாம். லாயத்துக்குள் டியூப்லைட்டை இரவெல்லாம் எரியவிடாதீர்கள், வெளிச்சம் பூச்சியைக் கூட்டி வரும். வேண்டுமானால் விளக்கைத் தள்ளி வேறு இடத்தில் போடுங்கள்.

ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தாயிற்றே என்பவர்கள், அந்த வலைக்கண்ணை ஒரு தடவை பாருங்கள். சாதாரணக் கொசுவலை வழியே பொடிக்கொசு சர்வசாதாரணமாக நுழையும். மிக நெருக்கமான வலை வேண்டும், அதை அடித்தால் காற்றும் குறையும், அதனால் ஃபேன் இல்லாமல் வலை மட்டும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வேப்பிலை, நொச்சி மூட்டம் போடுவதில் பலன் இருக்கிறது, ஆனால் லாயத்துக்கு வெளியே, காற்று வரும் திசையில், தள்ளிப் போடுங்கள். அடைத்த லாயத்துக்குள் புகை மூட்டினால் குதிரைக்கு இருமல் பிடித்து, ஒரு வியாதிக்கு இரண்டு ஆகும்.

கொட்டில் ஈக்கு வைத்தியம் துடைப்பமும் கூடையும்தான். மூத்திரம் ஊறிய வைக்கோலிலும் லத்தியிலும் முட்டையிட்டு, வெயில் காலத்தில் இரண்டு மூன்று வாரத்துக்குள் ஈயாகிவிடும். தினம் லத்தி வாரி, ஈர வைக்கோலை எடுத்து, எருக்குழியைத் தார்ப்பாயால் இறுக்கி மூடிவிட்டால், மாதத்துக்குள் காலை உதைக்கும் சத்தம் குறைந்திருக்கும்.

பூசுகிற சமாச்சாரம்

எண்ணெய்ப் பசை இருக்கும் தோலில் பொடிக்கொசு உட்காரத் தயங்கும், அதனால் சாயங்காலம் பிடரிக்கும் வாலடிக்கும் அடிவயிற்றுக்கும் தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் வேப்பெண்ணெய் கலந்து தேய்க்கிறேன். வேப்பெண்ணெயைத் தனியாகப் பூசாதீர்கள், சில குதிரைக்குத் தோல் சிவந்துபோகும், உள்ளங்கை அகலத்தில் ஒரு இடத்தில் பூசி ஒருநாள் பாருங்கள். பகல் வெயிலில் எண்ணெய் வேண்டாம், புழுதி அப்பிக்கொள்ளும். மனிதச் சிரங்குக்கு வரும் பென்சைல் பென்சோயேட் திரவத்தையும் சிலர் பிடரியில் பூசுவார்கள், பழைய முறை, பூச்சி விலகும், ஆனால் உரிந்த தோலில் பட்டால் நெருப்பு மாதிரி எரியும். பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்துத் தெளிப்பு நன்றாக வேலை செய்கிறது, அளவை டாக்டரிடம் கேட்டு, குதிரைக்கு என்று இருப்பதையே வாங்குங்கள். வீட்டில் பூனை இருந்தால் கிட்டே விடாதீர்கள், அதற்கு அது விஷம், மீனுக்கும் விஷம், மிச்சத்தை வாய்க்காலில் கொட்டிவிடாதீர்கள். எதைப் பூசினாலும் வியர்வையிலும் மழையிலும் போய்விடும், மறுபடி பூச வேண்டும், அலுத்துக்கொள்ளாமல்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு, போர்வை. வெளிநாட்டில் கழுத்து, அடிவயிறு, வாலடி எல்லாம் மூடுகிற மாதிரி தைத்து விற்கிறார்கள், இங்கே வரவழைத்தால் விலை கட்டுப்படியாகாது. நான் எட்டு முழப் பழைய வேட்டி மூன்றை எடுத்துக்கொண்டு டவுனில் தையல்காரரிடம் போனேன். அளவு கேட்டார், காதிலிருந்து வாலடி வரை நூல் பிடித்து எழுதி வைத்ததைக் காட்டினேன், "என்னங்க இது, யானைக்குச் சட்டையா?" என்றார். பருத்தி என்பதால் ராத்திரி புழுக்கம் இல்லை, பொடிக்கொசு துளைக்காத அளவுக்கு இரண்டு மடிப்பாகத் தைத்தோம். அடிவயிற்றுப் பக்கம் அகலப் பட்டையாக விட்டு, நாடாக்களை ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சாகப் போடச் சொன்னேன், எங்காவது மாட்டிக்கொண்டு குதிரை மிரண்டால் துணி அவிழ வேண்டும், கால் சிக்கக்கூடாது. முதல் நாலு நாள் தோள்மேட்டில் உரசுகிறதா என்று தினம் கையை விட்டுப் பாருங்கள். விடிந்ததும் கழற்றிவிடுங்கள், நனைந்தால் மாற்றுங்கள், அதனால் இரண்டு போர்வை வேண்டும்.

அரிப்பு தெரிந்த பிறகு ஆரம்பித்தால் அந்த வருடம் முழுக்க துரத்திக்கொண்டே இருப்போம். நான் இப்போது புரட்டாசி பாதியிலேயே ஃபேனைத் துடைத்து வைத்து, போர்வையைத் துவைத்துக் காயப்போட்டு, ஐந்து மணிக்கு மல்லியை உள்ளே கட்டிவிடுகிறேன். போன ஐப்பசியில் பிடரி முழுசாக இருந்தது. வேப்பமரத்தில் ஒரு வாரம் மட்டும் இரண்டு மயிர் கிடைத்தது, அது நாங்கள் ஒரு கல்யாணத்துக்குப் போய் ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பிய வாரம்.